சந்தேகப் பட்டியல்ல இல்லாத ஒரே ஆள்

க்ரைம் கதைன்னா உயிரையே விடற ஃப்ரெண்ட் ஒருத்தி எனக்கு இருக்கா. ரத்தம், போஸ்ட்மார்ட்டம், தூக்கம் வராத போலீஸ் ஆபீசர், கடைசில யாருக்குமே நிம்மதி இல்லாத ஒரு முடிவு, இதெல்லாம் இருந்தாதான் அவளுக்கு அது கதை. பேச்சுவாக்குல நான் அகதா கிறிஸ்டியோட டாமி-டப்பென்ஸ் புத்தகங்களை மறுபடி எடுத்து படிச்சிட்டிருக்கேன்னு சொன்னதும் சிரிச்சுட்டா. "புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து துப்பறியறதா? அதுல என்னடி டென்ஷன் இருக்கு? ரெண்டு பேரும் பத்திரமா வீட்டுக்கு வந்துடுவாங்கன்னு முதல் பக்கத்துலயே தெரிஞ்சுடுதே"ன்னா. அன்னைக்கு எனக்கு ஒரு பதிலும் வரல. "லைட்டா இருக்கும், ஜாலியா இருக்கும்"னு ஏதோ மழுப்பிட்டு பேச்சை மாத்திட்டேன், ஆனா அப்புறம் பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அவ கேட்டதுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா அவ சொன்னது தப்பு இல்ல. பத்திரமா வந்துடுவாங்கதான். அது தெரிஞ்சும் நான் ஏன் படிக்கறேன், அதுவும் முடிவு மொத்தமா ஞாபகம் இருக்கற புத்தகத்தை?

அவ மட்டும் இப்படி நினைக்கல, துப்பறியும் கதை உலகமே ரொம்ப நாளா அப்படித்தான் நினைச்சிருக்கு. ஹோம்ஸ் கல்யாணம் பண்ணிக்கல, கிறிஸ்டியோட பாய்ரோ பண்ணிக்கல, மிஸ் மார்ப்பிள் பேர்லயே மிஸ் இருக்கு. கல்யாணம் ஆனவங்களை எடுத்துக்கிட்டாலும் பொண்டாட்டியை எங்கயாவது ஓரமா உட்கார வெச்சுடுவாங்க. பிரெஞ்சுக் கதைகள்ல வர்ற போலீஸ் அதிகாரி மேக்ரே, அவரு வீட்டம்மா பெரும்பாலும் வீட்ல காத்துட்டிருப்பாங்க. அமெரிக்க டிவி சீரியல் போலீஸ்காரர் கொலம்போ ஓயாம "என் மனைவி சொல்லுவா, என் மனைவி சொல்லுவா"ன்னு பேசுவாரு, ஆனா அந்த சீரியல்ல அந்தம்மா முகத்தை ஒரு தடவைகூட காட்ட மாட்டாங்க. வங்காளத்து ப்யோம்கேஷ் பக்ஷி ஒரு கேஸ்ல சந்திச்ச சத்யவதியை கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, ஆனா கேஸுக்கு கூடப் போறது என்னமோ அவரோட நண்பன் அஜித்துதான். நம்ம பாக்கெட் நாவல்கள்ல ராஜேஷ்குமாரோட விவேக்-ரூபலா மட்டும் முறையா தாலி கட்டின ஜோடி. பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத்-சுசீலா, சுபாவோட நரேந்திரன்-வைஜயந்தி எல்லாம் சீண்டல், கிண்டல், டி-ஷர்ட் வாசகம்னு காதல் கட்டத்துலயே சுத்திக்கிட்டிருப்பாங்க. அந்த சீண்டல் எனக்கும் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன், ஆனா கல்யாணம்னு ஒண்ணு நடந்துட்டா சுவாரசியம் போயிடும்ங்கற பயம் அதுக்குப் பின்னாடி இருக்கோன்னு ஒரு சந்தேகம்.

இங்கிலாந்து துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் இதை வெளிப்படையாவே எழுதினவங்க. 1928-ல ஒரு துப்பறியும் கதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதும்போது, துப்பறியறவன் காதல்ல விழுந்து கதையை இழுத்தடிக்கறதை நல்லா போட்டுத் தாக்கியிருக்காங்க. ரெண்டே வருஷத்துல அவங்களே தன்னோட துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்சியை காதல்ல தள்ளிவிட்டாங்க, அந்தக் கதைக்கு அப்புறமா வர்றேன்.

பேச்சுதான் காரணம்னு நினைச்சேன்

ஃப்ரெண்டுக்கு சொல்ல முதல்ல எனக்குத் தோணின பதில் வசனம்தான். இந்த ஜோடிக் கதைகள்ல கொலையை விட பேச்சு நல்லா இருக்கும். டேஷியல் ஹாமெட் எழுதின 'தி தின் மேன்' நாவல், அதோட படம், ரெண்டும் ஒரே வருஷம், 1934. படத்துக்கு திரைக்கதை எழுதின ஃப்ரான்சஸ் குட்ரிச்சும் ஆல்பர்ட் ஹாக்கெட்டும் நிஜத்துலயே புருஷன் பொண்டாட்டி, டைரக்டர் வான் டைக் அவங்ககிட்ட கொலை விவகாரத்தை பெருசா போட்டுக் குழப்பிக்காதீங்க, துப்பறியற தம்பதி நிக்கும் நோராவும் பேசிக்கற சீன்களை நல்லா குடுங்கன்னு கேட்டாராம். அது படத்துல அப்படியே தெரியும். நிக் பார்ல உட்கார்ந்திருப்பான், நோரா வந்து எத்தனை ஆச்சுன்னு கேப்பா, இது ஆறாவதுன்னு அவன் சொல்வான், உடனே அவ சர்வரைக் கூப்பிட்டு எனக்கு இன்னும் அஞ்சு கொண்டுவந்து வரிசையா வைங்கன்னு சொல்லிடுவா. சண்டை இல்ல, அறிவுரை இல்ல, பின்தங்கிட்டோமேன்னு கணக்கு மட்டும் போடறா! குற்றவாளி யாருன்னு என்னை இப்ப கேட்டா கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லணும், இந்த சீன் மட்டும் ஷாட் ஷாட்டா ஞாபகம் இருக்கு. நிக்-நோராவா நடிச்ச வில்லியம் பவலும் மிர்னா லாயும் சேர்ந்து 14 படம் நடிச்சாங்க, நிஜத்துலயே இவங்க தம்பதின்னு ஜனங்க நம்பிட்டாங்க.

இதோட ஒட்டினாப்ல இன்னொண்ணும் இருக்கு. ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார், துப்பறியும் கதையும் எழுதுவாரு, 1929-ல இந்த மாதிரி கதைகளுக்கு பத்துக் கட்டளை போட்டாரு. அதுல ஒண்ணு, வாட்சன் மாதிரி கூட வர்ற ஆளோட மூளை சராசரி வாசகனை விட ஒரே ஒரு பொடி குறைச்சலா இருக்கணும். அப்பதான் துப்பறியறவன் விளக்கிச் சொல்ல வேண்டி வரும், நமக்கும் விஷயம் புரியும். ஜோடிக் கதைல இது உடைஞ்சு போகுது, யாரு ஹோம்ஸ் யாரு வாட்சன்னே சொல்ல முடியாது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும். டாமி நிதானம், மெதுவா போனாலும் சரியான இடத்துக்கு போய் சேருவான். டப்பென்ஸ் தாவித் தாவி ஓடுவா, பாதி தடவை தப்பா தாவுவா, மீதி தடவை யாருக்கும் தெரியாத ஒரு இடத்துல போய் நிப்பா. எங்க வீட்லயும் இந்தக் கூத்து உண்டு. நான் கதையை வெச்சு கண்டுபிடிக்கப் பார்ப்பேன், உயில் என்ன சொல்லுது, அந்த நேரத்துல யாரு எங்க இருந்தாங்கன்னு. எங்க வீட்டுக்காரர் கதையையே பார்க்க மாட்டாரு, "இவ்ளோ பெரிய நடிகரை ரெண்டு சீனுக்கு சும்மாவா கூப்பிட்டிருப்பாங்க, இவர்தான்"னு முதல் எபிசோட்லயே தீர்ப்பு சொல்லிடுவாரு. எரிச்சல் என்னன்னா பல நேரம் அவர் சொல்றதுதான் சரியா இருக்கும்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு நாள் அவகிட்ட சொல்லிப் பார்த்தேன். "நல்ல வசனம் வேணும்னா காமெடிப் படம் பார்த்துட்டுப் போறேன், அதுக்கு எதுக்கு பிணம்?"னு ஒரே கேள்வில முடிச்சுட்டா. அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு. பிணம் எதுக்கு? சிரிப்புக்கும் கொலைக்கும் இந்த ஒரு இடத்துல மட்டும் எப்படி ஒத்துப் போகுது?

சான் சூசில ஒரு ஸ்வெட்டர் ஊசி

பதில் கிடைச்சது 'என் ஆர் எம்?' (N or M?) புத்தகத்துல, அகதா கிறிஸ்டி 1941-ல வெளியிட்டது. டாமியும் டப்பென்ஸும் அப்ப நடுவயசைத் தொட்டாச்சு, ரெண்டாம் உலகப்போர் நடக்குது, ரெண்டு பேரும் ஏதாவது வேலை குடுங்கன்னு அலையறாங்க, வயசாயிடுச்சுன்னு எவனும் சீந்த மாட்டேங்கறான். பெத்த பிள்ளைங்ககூட பாவம் அம்மா அப்பான்னு பார்க்குதுங்க. அப்ப உளவுத்துறை சார்பா ஒருத்தர் வந்து டாமிக்கு மட்டும் ஒரு ரகசிய வேலை குடுக்கறாரு: கடலோரத்துல சான் சூசின்னு ஒரு விடுதி, அங்க தங்கியிருக்கறவங்கள்ல ஜெர்மன் உளவாளி இருக்கான்னு சந்தேகம், போய் கண்டுபிடி, பொண்டாட்டிகிட்டகூட சொல்லக்கூடாது. டாமியும் நல்ல பிள்ளையா ஸ்காட்லாந்துல ஆபீஸ் வேலைன்னு வீட்ல ஒரு பொய்யைச் சொல்லிட்டு, மெடோஸ்னு பேரை மாத்திக்கிட்டு ரயிலேறி அந்த விடுதிக்குப் போறான். அங்க உட்கார்ந்திருக்கறவங்களை ஒவ்வொருத்தரா அறிமுகம் பண்ணி வைக்கறாங்க. இவங்க மிஸஸ் பிளென்கின்சாப்னு சொல்லும்போது பார்த்தா, ஊசியும் நூலுமா பின்னிக்கிட்டு உட்கார்ந்திருக்கறது டப்பென்ஸ். அந்த உளவுத்துறை ஆள் வந்து பேசினப்ப ஏதோ சாக்கு சொல்லி வெளிய போறாப்ல போய், நின்னு முழுசா ஒட்டுக்கேட்டுட்டு, டாமிக்கு முன்னாடியே வந்து சேர்ந்துட்டா.

முதல் தடவை படிச்சப்ப நான் வாய்விட்டு சிரிச்ச இடம் இது. இந்தத் தடவை ஃப்ரெண்டோட கேள்வி மண்டைல இருந்ததால அதே பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டேன். அந்த ஹால்ல யாரெல்லாம் இருக்காங்கன்னு பாருங்க. பட்டாளத்து மேஜர் உளவாளியா இருக்கலாம், கைக்குழந்தையோட வந்திருக்கற அம்மா இருக்கலாம், விடுதி நடத்தறவங்களே இருக்கலாம். யாரு சொல்றதும் நிஜமா பொய்யான்னு தெரியாது. அதுலயே அதிகமா பொய் சொல்லிக்கிட்டிருக்கறது யாருன்னா டப்பென்ஸ்தான்: பேரு பொய், விதவைங்கறது பொய், அடுத்த புருஷனை வலைவீசித் தேடற பொம்பளைங்கற வேஷம் பொய் (அந்த வேஷத்தோட வசதி என்னன்னா மிஸ்டர் மெடோஸை ஊரறிய துரத்தலாம், ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பேசினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, வம்புதான் பேசுவாங்க). ஆனா டாமிக்கு அந்த ஹால்ல கண்ணை மூடிக்கிட்டு நம்பறதுக்கு ஒரே ஒரு ஆள் இருக்குன்னா அது இந்தப் பொய்காரிதான். நானும் சேர்ந்து நம்பறேன். மேஜர் இருமினாக்கூட குறிப்பெடுத்துக்கற நான், இவளைப் பத்தி ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.

எனக்கு அங்கதான் பிடிபட்டுச்சு. துப்பறியும் கதைங்கறதே எல்லாரையும் சந்தேகப்படுன்னு நமக்குக் குடுக்கற பயிற்சிதானே. கிறிஸ்டியே 1926-ல ஒரு நாவல்ல, நாம கொஞ்சம்கூட சந்தேகப்படாத ஒரு ஆளை கொண்டுவந்து குற்றவாளிக் கூண்டுல நிறுத்தினாங்க. பேர் சொல்ல மாட்டேன், இன்னும் படிக்காதவங்க சாபம் எனக்கு எதுக்கு. அதுக்கப்புறம் யாரை நம்பறது? அப்படி ஒரு ஆட்டத்துல, இந்த ரெண்டு பேர் மட்டும் பட்டியல்ல கிடையாதுன்னு ஆரம்பத்துலயே எழுதிக் குடுத்துடறாங்க. அதனாலதான் பிணத்துக்குப் பக்கத்துல நின்னு இவங்களால ஜோக்கடிக்க முடியுது, நம்மாலயும் சிரிக்க முடியுது. தனியா துப்பறியற ஆளுக்கு இந்த சௌகரியம் இல்ல, அவன் சந்தேகத்தைத் தலைல தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போகணும். டாமிக்கு ராத்திரி எங்கயாவது இருட்டுல நின்னு "அந்த மேஜர் ஒரு மாதிரி இல்ல?"ன்னு கேக்க ஒரு ஆள் இருக்கு. ஃப்ரெண்டு சொன்ன "பத்திரமா வந்துடுவாங்க"ங்கறதுல எனக்கு வேண்டியது உயிர் பிழைக்கறது இல்ல போல, இதுதான் போல.

அந்த மேஜர் பேச்சு வந்ததால ஒரு உபகதை. அவருக்கு கிறிஸ்டி வெச்ச பேரு பிளெட்ச்லி. போர் நேரத்துல எதிரியோட சங்கேதச் செய்திகளை பிரிட்டிஷ்காரங்க ரகசியமா உடைச்சுப் படிச்ச இடம் பிளெட்ச்லி பார்க். இந்தம்மாவுக்கு எப்படி தெரியும்னு பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்ஐ5-க்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அங்க வேலை பார்த்த டில்லி நாக்ஸ் கிறிஸ்டிக்குத் தெரிஞ்சவரு, நைசா கேட்டுப் பார்த்தாரு. ஒரு தடவை என் ரயில் அந்த ஊர்ல ரொம்ப நேரம் நின்னுடுச்சு, அந்தக் கடுப்புல பிடிக்காத கேரக்டருக்கு அந்தப் பேரை வெச்சேன்னு பதில் வந்துச்சு. இந்த டில்லி யாருன்னா, வாட்சனுக்கு மூளை குறைச்சலா இருக்கணும்னு கட்டளை போட்ட பாதிரியார் நாக்ஸோட கூடப்பிறந்தவரு. உலகம் சின்னதுதான்.

சரி, சேயர்ஸ் கதைக்கு வர்றேன். 1930-ல 'ஸ்ட்ராங் பாய்சன்'. ஹாரியட் வேன் தன்னோட பழைய காதலனுக்கு ஆர்செனிக் வெச்சு கொன்னுட்டதா கோர்ட்ல நிக்கறா, சாட்சியம் எல்லாம் அவளுக்கு எதிரா இருக்கு, விம்சி பார்வையாளர் பக்கம் உட்கார்ந்து பார்த்துட்டு இவ பண்ணலன்னு முடிவு பண்ணிடறான். ஆதாரம் கையில ஒண்ணும் கிடையாது, நம்பிக்கை முதல்ல வருது, துப்பு அப்புறம் வருது. விம்சியை கல்யாணம் பண்ணி வெச்சு கையைக் கழுவிடலாம்னுதான் அந்தப் புத்தகத்தையே ஆரம்பிச்சேன்னு சேயர்ஸ் பின்னாடி எழுதியிருக்காங்க, ஆனா ஹாரியட் ஒத்துக்கல. தூக்குல இருந்து காப்பாத்தினவனுக்கு நன்றிக்கடனா கழுத்தை நீட்டறதான்னு அவளுக்கு ரோஷம், அதுக்கு எழுதினவங்களாலயே பதில் சொல்ல முடியல. 1935-ல 'காடி நைட்' கடைசிலதான் சம்மதிக்கறா. 1937-ல வந்த 'பஸ்மன்ஸ் ஹனிமூன்'ல தேனிலவுக்குப் போன வீட்டோட நிலவறைல பிணம் கிடைக்குது. அந்தப் புத்தகத்துக்கு துணைத்தலைப்பே, நடுநடுவுல துப்பறியற இடைஞ்சல்களோட ஒரு காதல் கதைன்னுதான் வெச்சாங்க. 1928 முன்னுரையைத் தானே தலைகீழா திருப்பிப் போட்ட மாதிரி.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் என் ஃப்ரெண்டு குடியிருக்கா. கல்யாணத்துக்குள்ளயே குற்றம் இருக்கற கதைகள். 2012-ல ஜில்லியன் ஃப்ளின் எழுதின 'கான் கேர்ள்' வந்ததுல இருந்து அது ஒரு அலையாவே அடிச்சுது, பக்கத்துல படுத்திருக்கறவரு யாருன்னே உனக்குத் தெரியாதுங்கற கதைகள். நானும் விடிய விடிய படிச்சவதான். அதுல புருஷனோ பொண்டாட்டியோதான் முதல் சந்தேகம், ஜோடிக் கதைல அந்த ஒரு சந்தேகத்தை மட்டும் எடுத்து வெளிய வெச்சுட்டு மத்த எல்லாத்தையும் உள்ள விடறாங்க. ஒண்ணு நிஜம் ஒண்ணு கனவுன்னு அவ சொல்லுவா. எனக்கு அப்படித் தோணல. எல்லாரையும் சந்தேகப்படறதும் ஒரு வகைல ஈஸியான வேலைதான், அதுக்கு யாரையும் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டியதில்ல. டப்பென்ஸ் பின்னிக்கிட்டு உட்கார்ந்திருக்கறதைப் பார்த்ததும் டாமி அலறாம, முகத்தை மாத்தாம, வணக்கம் சொல்லி நகர்றதுக்கு எத்தனை வருஷப் பழக்கம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க.

குறை இல்லாமலா

இந்த வகைக் கதைகள் எல்லாமே தங்கம்னு நான் சொல்ல வரல. பாதிக்கு மேல பணக்காரங்க வீட்டு விளையாட்டு. நோரா பெரிய சொத்துக்காரி, விம்சி பிரபு, 1979-ல வந்த 'ஹார்ட் டு ஹார்ட்' சீரியல்ல ரெண்டு பேரும் கோடீஸ்வரங்க, சமையலுக்கு ஆள், கூடவே ஒரு நாய். ஆபீசுக்கு லீவு சொல்லாம எந்த தம்பதியால கொலைகாரனைத் துரத்த முடியும்? 1922-ல டாமியும் டப்பென்ஸும் ஆரம்பிக்கும்போது கையில காசு இல்லாம வேலை தேடிக்கிட்டிருந்தாங்க, அதனாலயே எனக்கு அவங்க மேல தனிப் பாசம். அப்புறம் அந்தக் கடத்தல். கதை தேங்கினா உடனே பொண்டாட்டியை கடத்திடுவாங்க, அவன் போய் மீட்பான். இதைவிட சோம்பேறித்தனம் எதுவும் இல்ல. நோராவையும் நிக் ஆபத்துன்னு டாக்சில ஏத்தி, நியூயார்க்ல இருக்கற ஜனாதிபதி கிராண்டோட சமாதிக்கு அனுப்பி வெச்சு கழட்டி விடுவான், ஆனா அவ திரும்பி வந்து, சமாதி ரொம்ப அழகா இருந்துச்சு, உனக்கும் அதே மாதிரி ஒண்ணு கட்டச் சொல்லியிருக்கேன்னு சொல்லுவா பாருங்க! இன்னொரு சீன்ல துப்பாக்கிக்காரன் முன்னாடி இருந்து அவளைக் காப்பாத்தறதுக்காக அவன் ஒரு குத்து விட்டு கீழ தள்ளுவான். இப்ப பார்த்தா முகம் சுளிக்கும்தான். மயக்கம் தெளிஞ்சதும் அவளோட புகார், நீ அவனை மடக்குவேன்னு தெரியும், நான் அதைப் பார்க்கணும்னு இருந்தேன் அப்படிங்கறது.

பொண்டாட்டி கேரக்டர் அலங்காரத்துக்குன்னு நினைக்கறவங்களுக்கு 'மெக்மில்லன் அண்ட் வைஃப்' கதை தெரியணும். 1971-ல ஆரம்பிச்சு நல்லா ஓடின சீரியல், மனைவியா நடிச்ச சூசன் செயின்ட் ஜேம்ஸ் விலகினதும் அந்த கேரக்டரை விமான விபத்துல சாகடிச்சுட்டு, தலைப்புல இருந்த வைஃபையும் வெட்டிட்டு வெறும் 'மெக்மில்லன்'னு ஓட்டினாங்க. ஒரே சீசன்ல கடையைச் சாத்தினாங்க. இதுக்கு மறுகோடில ஃப்ரான்சஸ், ரிச்சர்ட் லாக்ரிட்ஜ் தம்பதி. 1940-ல இருந்து மிஸ்டர் அண்ட் மிஸஸ் நார்த் வரிசைல 26 நாவல். பாம் நார்த் பேசறது பாதி வாக்கியம்தான் இருக்கும், மீதியை அவ மனசுக்குள்ளயே முடிச்சுக்குவா, போலீஸ்காரங்க முழிப்பாங்க, புருஷன் ஜெர்ரிக்கு மட்டும் புரியும். 1963-ல ஃப்ரான்சஸ் இறந்துட்டாங்க. ரிச்சர்ட் அதுக்கப்புறமும் வேற மர்மக் கதைகள் நிறைய எழுதினாரு, நார்த் தம்பதியை மட்டும் திரும்பத் தொடவே இல்ல.

கிறிஸ்டி தன்னோட துப்பறிவாளர்கள்ல டாமி-டப்பென்ஸை மட்டும்தான் காலத்தோட சேர்த்து வயசாக விட்டாங்க. 1922-ல இருபதுகள்ல இருந்தவங்க, 1973-ல 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்'ல எழுபதுகள்ல இருக்காங்க. கிறிஸ்டி கடைசியா எழுதின நாவலும் அதுதான். நல்ல நாவலான்னு கேட்டா இல்ல. சொன்னதையே சொல்றாங்க, துப்பு எங்கயோ தொலைஞ்சு போகுது, முடிச்சு அவிழ்ந்துச்சா இல்லையான்னே தெரியல. விமர்சகர்கள் திட்டினதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா பழைய வீடு ஒண்ணை வாங்கிட்டு, பழைய புத்தகங்களை அடுக்கிக்கிட்டே ரெண்டு கிழங்களும் பேசிக்கறதை மட்டும் நான் துப்பு இல்லாமயே படிப்பேன். நம்ம மொழில இப்படி ஒரு ஜோடி வரணும்னு எனக்கு ஆசை. சீண்டல் காலமெல்லாம் எப்பவோ தாண்டின, பிபி மாத்திரை போடற, ஒருத்தர் வாக்கியத்தை இன்னொருத்தர் தப்பா முடிச்சு வெச்சு அதுலயே துப்பு கிடைக்கற மாதிரி ஒரு ஜோடி. யாராவது எழுதுங்கப்பா, பிணம் ஒண்ணு போதும். கடத்தல் வேண்டாம், கண்டிப்பா வெச்சே ஆகணும்னா இந்தத் தடவை புருஷனைக் கடத்துங்க.